பங்கு ஒன்று

சென்ற டிசம்பரில் நாங்கள் நால்வரும் தஞ்சாவூருக்குச் சென்றுவந்தோம். திருமணம், இறப்பு, குலதெய்வ வழிபாடு ஆகிய மூன்றுக்காக மட்டுமே பொம்மனஹள்ளியை விட்டு வெளியூர் சென்று பழகிய குடும்பம் எங்களுடையது. பார்த்துவருவதற்காக மட்டும் ஓர் ஊருக்குப் போவது இதுவே முதல் முறை. செலவு முழுவதும் அம்மாவுடையது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் இருபத்தாறு ஆண்டுகள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து அவர் சேர்த்த வருங்கால வைப்பு நிதி, அக்டோபரில்தான் அவர் கைக்கு வந்திருந்தது. கடன் போக மிஞ்சியதில் என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, "நீ எப்பவும் சொல்ற அந்தக் கோயிலைப் பார்க்கலாம் பாப்பா" என்றார். முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் வீட்டில் பரப்பிவைத்திருக்கும் கல்வெட்டுப் படிகளை அவர் பல ஆண்டுகளாகப் பெருக்கித் துடைத்து ஒதுக்கிவைத்தவர். அந்தத் தாள்களில் என்ன இருக்கிறது என்று அதுவரை அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டின் எழுத்தறிவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வீட்டில் பேசுவது தமிழ். அப்பா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர். தமிழ் நாளிதழ் படிப்பார். அம்மா பெங்களூரிலேயே வளர்ந்து ஏழாம் வகுப்புவரை கன்னட வழியில் படித்தவர். கன்னடம் சரளமாகப் படிப்பார், தமிழ் எழுத்து தெரியாது. தம்பி ஆங்கில வழியில் படித்து, பள்ளியில் இந்தி எழுத்தும் கற்றவன். ஒரே மொழியில் சண்டையிட்டுக்கொள்ளும் நால்வர், கடிதம் எழுத நேர்ந்தால் நான்கு திசையில் பிரிந்துவிடுவோம். மொழியியல் வகுப்பில் இதற்குப் பெயர்கள் உண்டு. வீட்டில் இது மின்கட்டண ரசீதை யார் படிப்பது என்ற அன்றாடச் சிக்கல் மட்டுமே.

இரவு வண்டியில் கிளம்பி விடியற்காலையில் தஞ்சாவூரில் இறங்கினோம். அறையில் பைகளை வைத்துவிட்டு நேரே பெரிய கோயிலுக்குப் போனோம். முதலாம் இராசராசன் கட்டுவித்து 1010இல் நிறைவெய்திய கோயில். ஏறத்தாழ 216 அடி உயர விமானம். தம்பி படம் எடுத்துக்கொண்டே இருந்தான். அப்பா நந்தியைச் சுற்றிவந்து, இவ்வளவு பெரிய நந்தியும் சோழர் செய்ததுதானே என்று கேட்டார். இல்லை, இப்போதுள்ள நந்தி நாயக்கர் காலத்தது என்றதும் அவருக்குச் சற்று ஏமாற்றம். அம்மா மட்டும் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு நிறுத்திக்கொண்டு, அதன் அடிப்பகுதியைத் தொட்டபடியே நடந்துகொண்டிருந்தார்.

"இது என்ன, பார்டர் டிசைனா?" என்று கேட்டார்.

அவர் தொட்டுக்கொண்டிருந்தது கல்வெட்டு. தைப்பவர் கண்ணுக்கு அது சேலைக்கரைபோலத் தெரிந்ததில் வியப்பில்லை. அப்பா குனிந்து பார்த்தார். "ப" தெரிகிறது, "ட" தெரிகிறது என்றார், அதற்குமேல் நகரவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டப்படாது. இடையிடையே கிரந்த எழுத்து வரும். நாள்தோறும் தமிழ் படிக்கும் அப்பாவும் தமிழே படிக்காத அம்மாவும் அந்தச் சுவரின் முன் ஒரே நிலையில் நின்றார்கள். அம்மாவுக்கு அதில் சிறு மகிழ்ச்சி என்று நினைக்கிறேன்.

பொது இடங்களில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை ஆராயும் துறைக்கு மொழி நிலக்காட்சி என்று பெயர். லான்றியும் பூரியும் 1997இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது பெரிதாக வளர்ந்திருக்கிறது. அந்த ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஸ்பெயினின் கிரனாதா நகரத்து அல்ஹம்பிரா அரண்மனை நினைவுக்கு வரும். நான் அங்குச் சென்றதில்லை. படங்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அதன் சுவர்களில் அரபு எழுத்து கொடிபோலப் படர்ந்திருக்கும். பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் இப்னு சம்ரக்கின் கவிதைகளும் அவற்றுள் உண்டு. 1492இல் நகரம் கைமாறிய பின், அந்தச் சுவரைப் படிக்கத் தெரிந்தவர்கள் மெல்ல அந்த ஊரிலேயே இல்லாமற்போனார்கள். இன்று உலகெங்கிலுமிருந்து குடும்பங்கள் வந்து அதன்முன் நின்று படமெடுத்துக்கொள்கின்றன. அவர்களுள் பெரும்பாலோருக்கு அது அலங்காரம். தஞ்சையில் எழுத்தின் மொழி இன்னும் ஊரில் பேசப்படுகிறது. ஆனாலும் அன்று காலை எங்களைக் கடந்துசென்ற கூட்டத்தில் எத்தனைபேருக்கு அது அம்மா சொன்ன பார்டர் டிசைனாக இல்லாமல் இருந்திருக்கும்?

"படி, கேட்போம்" என்றார் அம்மா.

எதைப் படிப்பது என்று தயங்கினேன். மெய்க்கீர்த்தியைப் படிக்கலாம், வென்ற நாடுகளின் பட்டியல் வரும். அரசனும் அவன் தமக்கை குந்தவையும் கொடுத்த பொன்னணிகளைப் படிக்கலாம். நான் அவர்களை வடபுறச் சுற்றுச்சுவரின் வெளிப்பக்கம் அழைத்துப்போனேன். கைப்பேசியில் ஹூல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியின் பாடம் இருந்தது. அதைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பட்டியலைச் சொல்லத் தொடங்கினேன்.

சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட ஆடற்பெண்கள் அவர்கள். எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன, பங்கு எத்தனை என்று ஒவ்வொருவருக்கும் ஒரே ஒழுங்கில் எழுதியிருக்கிறது. ஒருவருக்குப் பங்கு ஒன்று. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அந்த நெல்லை ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்பதுவரை கல்லில் உண்டு.

ஏழெட்டுப் பெயர் சொல்லியிருப்பேன். அம்மா இடைமறித்தார். "லைன் நம்பர், மெஷின் நம்பர் மாதிரி இருக்கே. இது மஸ்டர் ரோல் பாப்பா."

நான் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால், அதைவிடச் சரியான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அம்மா தொடர்ந்து கேட்டார். எல்லார் பெயருக்கும் முன்னால் நக்கன் என்று வருகிறதே, எல்லாருக்கும் ஒரே இனிஷியலா? ஆம், நக்கன் என்பது சிவனின் பெயர். தந்தை பெயர் நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்கிறது என்றேன். ஒரே பெயர் இரண்டு பேருக்கு இருந்தால்? எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்பது பிரித்துக்காட்டும். ஒருத்தி இறந்துவிட்டால்? அவளுக்கு அடுத்த உறவினர் அந்தப் பணியைச் செய்து பங்கைப் பெறலாம். தகுதி இல்லையெனில் தகுதியுடைய வேறொருவரை அமர்த்த வேண்டும். "அப்போ நாமினியும் உண்டு" என்றார்.

அம்மா இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவருடைய வைப்பு நிதி நான்கு ஆண்டுகள் கிடைக்காமல் இருந்தது பெயரால்தான். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் கன்னடத்தில் சொன்ன பெயரை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டவர் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். ஆதாரில் முழுப்பெயர், வங்கியில் அப்பாவின் பெயரோடு சேர்ந்த பெயர். மூன்றும் ஒருவரே என்று மெய்ப்பிக்க, பாதி மூடப்பட்ட தொழிற்சாலையின் கையெழுத்துக்காக அலைந்தோம். இருபத்தாறு ஆண்டு உழைப்பு ஓர் எழுத்துக்காகக் காத்திருந்தது. மொழியியல் படித்த மகளாகிய நான் படிவங்களை நிரப்பினேன். அதற்குமேல் என் படிப்பு அதற்கு உதவவில்லை.

பொம்மனஹள்ளிக்காரர்களுக்கு வைப்பு நிதி என்ற சொல்லின் பொருள் வேறு. 2016 பிப்ரவரியில் வந்த ஓர் அறிவிக்கை, முதலாளி செலுத்தும் பங்கைத் தொழிலாளி 58 வயதுவரை எடுக்க முடியாது என்றது. அந்த ஏப்ரல் 18 அன்று ஓசூர் சாலையில் ஆடைத் தொழிலாளர்கள் இறங்கிவிட்டார்கள், பெரும்பாலோர் பெண்கள். எந்தச் சங்கமும் முன்னின்று அழைத்த போராட்டமன்று. மறுநாளும் நகரின் பல பகுதிகளில் அது தொடர்ந்தது. தடியடியும் கண்ணீர்ப்புகையும் நடந்தன. ஏப்ரல் 19 அன்றே ஒன்றிய அரசு அறிவிக்கையைத் திரும்பப் பெற்றது. முதல் நாள் அம்மாவும் சாலையில் இருந்தார். மாலையில் செருப்பில்லாமல் வீடு திரும்பியதைத் தவிர அதைப்பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. பெரிய கோயிலின் வடசுவரருகே நின்றபோதுதான், "நம்ம பங்கைத்தானே கேட்டோம்" என்று தமக்குள் சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார்.

அந்தப் பட்டியல் ஆடற்பெண்களோடு முடியவில்லை என்றேன். ஆடல் ஆசான்கள், பாடுவோர், முழவு வாசிப்போர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், வண்ணார், நாவிதர், தச்சர், கணக்கர் எனத் தொடர்கிறது. தையான் என்று தையற்காரரும் அதில் உண்டு. அந்தச் சொல்லைச் சொன்னதும் அம்மா என்னைப் பார்த்தார். "எங்கே இருக்கு, காட்டு." தேடித் தேடிப் பார்த்தும் வெயிலில் அந்த இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அச்சுப் பாடத்தில் விரல் வைத்துக் காட்டினேன். அவருக்குத் தெரியாத எழுத்துத்தான். ஆனாலும் திரையைப் பெரிதாக்கிச் சிறிது நேரம் பார்த்தார்.

பிறகு அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. "இவங்க எல்லாம் இஷ்டப்பட்டா வந்தாங்க?"

கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. கொண்டுவந்தவன் அரசன் என்பதைச் சொல்கிறது. வந்தவர்கள் எதை விட்டுவந்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. லெஸ்லி ஓர் போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருப்பதுபோல, சோழர் காலக் கோயிற்பெண்கள் கல்வெட்டுகளில் கொடையாளராகவே மிகுதியும் தோன்றுகிறார்கள்; இத்தனை பேரை ஒருசேரக் குடியேற்றிக் கணக்கிட்ட தஞ்சைப் பட்டியல் விதிவிலக்கானது. கருத்தரங்குகளில் நான் இதை உற்சாகத்தோடு பேசியிருக்கிறேன்: நானூறு பெண்களின் பெயரும் முகவரியும் ஆயிரம் ஆண்டுகளாக நிற்கின்றன என்று. அம்மாவின் கேள்விக்குப் பிறகு அப்படி முழங்க முடியாது. அந்தப் பெயர்கள் கல்லில் ஏறியது பங்கு அளப்பதற்காக. யார் எங்கே இருக்கிறார் என்று அரசுக்குத் தெரிவதற்காகவும்தான். உரிமையும் கண்காணிப்பும் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கின்றன. அம்மாவின் டோக்கன் எண்ணும் அப்படியே: சம்பளம் வந்ததும் அதனால்தான், கழிப்பறைக்குப் போன நேரம் குறிக்கப்பட்டதும் அதனால்தான்.

வெளியேறும் முன் இரண்டாம் சரபோஜி காலத்து மராத்திக் கல்வெட்டைப் பார்த்தோம். 1803ஆம் ஆண்டினது, போன்சலே குலத்தின் வரலாறு. தேவநாகரி எழுத்தைக் கண்டதும் தம்பிக்கு உற்சாகம், உரக்கப் படித்தான். "அக்கா, படிக்க வருது, ஒண்ணும் புரியல" என்றான். அப்பாவுக்கு இப்போதுதான் திருப்தி. "உங்க அம்மாவுக்குப் படிக்கத் தெரியல, எல்லாம் புரிஞ்சுது" என்றார்.

மாலையில் சரசுவதி மகாலுக்குப் போனோம். மறுநாள் கங்கைகொண்ட சோழபுரம். தலையாட்டிப் பொம்மை ஒன்று வாங்கினோம். அது வீட்டுத் தொலைக்காட்சியின் மேல் இப்போதும் ஆடிக்கொண்டிருக்கிறது.

ஊர் திரும்பிய இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மடிவாளா சோமேசுவரர் கோயிலுக்கு அழைத்துப்போனேன். எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர்தான். அதன் வெளிச்சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. 1247ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்றில் வெங்களூர் என்ற பெயர் வருகிறது. வேலைக்குப் போகும்போது இருபத்தாறு ஆண்டுகள் அந்த வழியாகப் பேருந்தில் போயிருக்கிறார் அம்மா. சுவரில் எழுத்து இருப்பது தெரியாது. பேகூர் நாகேசுவரர் கோயில் வளாகத்தில் பெங்களூர் என்ற பெயரைத் தாங்கிய ஒன்பதாம் நூற்றாண்டுக் கன்னட நடுகல்லும் அருகில்தான். அடுத்து அங்கே போகிறோம். அது கன்னடம் என்பதால் தாமே படித்துவிடலாம் என்று அம்மா நம்புகிறார். பழங்கன்னடம் அவ்வளவு எளிதன்று என்று நான் இன்னும் சொல்லவில்லை.

இப்போது மாலைகளில் அவர் தமிழ் எழுத்துப் பழகுகிறார். முதலில் எழுதக் கேட்டது தம் பெயரை. நான் எழுதிக் காட்டியதைப் பார்த்து எழுதினார். ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. தொழிற்சாலைப் பதிவேட்டில் விடுபட்ட அதே எழுத்து. நான் சொல்வதற்குள் அவரே கண்டுபிடித்து, இடையில் நுழைத்து எழுதிவிட்டார்.

கல்வெட்டு, மொழி, வரலாறு என்று ஆய்வு செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வுத் தரவை ஒருமுறை வீட்டாருக்குப் படித்துக்காட்டுங்கள். என் ஆய்வின் நான்காம் இயலைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் கேள்வி அதில் முதல் பத்தியாக நிற்கிறது. விடை இன்னும் எழுதப்படவில்லை.