பத்தியத்தின்மீது பழி

மருந்து உண்டபின் நோய் மிகுமாயின் மருந்தின்மீதே பழி சுமத்துவது உலக வழக்கம். பத்தியத்தின் நிலை அதனினும் இரங்கத்தக்கது. மருந்துக்காவது சீட்டெழுதிக் கொடுத்த மருத்துவர் துணையிருப்பார். பத்தியத்துக்கோ அண்டை வீட்டார் முதல் ஆபீஸ் பையன் வரை அனைவரும் நீதிபதிகள். அத்தகைய வழக்கொன்றில் ஓராண்டாக நான் சிக்கியிருப்பதால், அதன் விவரத்தைத் தோட்டத்து அன்பர்களுக்கும் பட்டணத்து அன்பர்களுக்கும் எடுத்துரைக்க விழைகின்றேன்.

நான் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. வயது 36. மூன்றாண்டுகளாக எனக்கு இரத்தச் சோகை இருந்தது. இரும்புச்சத்து மாத்திரைகளை விழுங்கியும் இரத்தம் ஊறவில்லை. விடியற்காலைப் பெரட்டில் நின்று பேர் வாசிக்கும்போதே முழங்கால்கள் தளரும். வயிற்றுப்போக்கும் உப்புசமும் விட்டுவிட்டு வரும். பட்டணத்து மருத்துவர் ஒருவர் என் இரத்தத்தைச் சோதித்து, பின்னர் வாய்வழியே குழாய் செலுத்திச் சிறுகுடலிலிருந்து துணுக்குகள் எடுத்துப் பார்த்து, இது சீலியாக் என்னும் நோய் என்று தெளிவுபடுத்தினார்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் எனப்படும் பசைப் புரதம் உளது. ரொட்டி சானாய் போடுகிறவர் மாவை வீசும்போது அது கிழியாமல் துணிபோல் விரிவது இப்பசையாலேயே. பிறவியிலேயே அதற்கான கூறு அமைந்த சிலரது உடலில் இப்புரதம் புகுந்தவுடன், உடலைக் காக்கவேண்டிய காவற்படை தன் குடலையே தாக்கத் தொடங்குகின்றது. சிறுகுடலின் உட்சுவரில் வெல்வெட்டுத் துணியின் மயிர்போல் நெருங்கி நின்று சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் தேய்ந்து மழுங்கிவிடுகின்றன. மாத்திரை விழுங்கியும் இரும்பு உடலில் சேராமைக்குக் காரணம் இதுவே. இந்நோய்க்கு இன்றுள்ள சிகிச்சை, அத்தானியங்களை ஆயுள் முழுதும் அறவே விலக்குதல்தான்.

"நாம் சோறு தின்னும் கூட்டமாயிற்றே, இது வெள்ளைக்காரர் நோயல்லவா?" என்று கேட்டவர் பலர். இந்தியாவில் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலும் இந்நோய் காணப்பட்டது. ஆனால் நோய்க்கு இடந்தரும் பிறவிக்கூறோ இரு பகுதியினரிடத்தும் ஏறத்தாழ ஒத்தே இருந்தது. தெற்கே சோறு அதனை மறைத்து வைத்திருக்கின்றது என்பது என் துணிபு. இந்நாட்டில் நாம் உண்பதோ பசியாற ரொட்டி சானாய், பத்து மணிக்குத் தேநீரில் நனைத்த பிஸ்கோத்து, இரவில் மீ கோரிங். சோறு தின்னும் கூட்டம் என்று எந்த முகத்தோடு சொல்லிக்கொள்வது?

நிற்க. பத்தியம் தொடங்கிய முதற் பன்னிரண்டு நாட்கள் உடல் தேறியது. மூன்றாம் வாரத்தில் நிலைமை தலைகீழாயிற்று. வயிறு பறைபோல் விம்மியது. முன்பு போக்கு, இப்போது சில நாள் போக்கும் சில நாள் கடும் மலச்சிக்கலும் மாறி மாறி வந்தன. செக்ரோல் கணக்கைக் கூட்டும்போது இலக்கங்கள் கண்முன் மங்கின. கோதுமை தின்ற காலத்திலும் இத்துணை வருந்தியதில்லை. மண்டோர் என்பால் மெய்யான பரிவுடையவர். "ஐயா, உடம்பு பழகியதைத்தான் கேட்கிறது. ஒரு ரொட்டி தின்று பாருங்கள், எல்லாம் அடங்கிவிடும்" என்றார். என் தந்தையாரும் அதனையே வழிமொழிந்தார்.

ரொட்டியைத் தொடுமுன் இந்நோயின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1924 இல் நியூயார்க் நகர மருத்துவர் சிட்னி ஹாஸ், இந்நோயுற்ற குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை மிகுதியாகக் கொடுத்து ரொட்டியை விலக்கினார். குழந்தைகள் தேறின. பெருமை முழுதும் வாழைப்பழத்துக்கே போயிற்று. தேறிய பிள்ளை மீண்டும் ரொட்டி தின்று நோயுற்றால் யாருக்கும் காரணம் விளங்கவில்லை. பின்னர் ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே, கோதுமையே குற்றவாளி என்று ஐயுற்றார். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி அரிதாகவே, ஊரெல்லாம் வாடியிருக்க அவரிடமிருந்த நோய்க் குழந்தைகள் தேறினவென்றும், ரொட்டி திரும்பியதும் நலிந்தனவென்றும் சொல்வர். அவர் தம் ஆய்வேட்டை உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1950 இல் அளித்தார். உள்ளே சென்ற வாழைப்பழம் கண்ணிற் பட்டது. செல்லாதிருந்த ரொட்டி படவில்லை. என் செய்தியிலும் அவ்வாறு கண்ணிற் படாத பொருள் ஏதேனும் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தது.

மருத்துவமனையின் உணவியல் அம்மையார், வாயில் இடும் ஒவ்வொன்றையும் இரண்டு வாரம் குறித்து வருமாறு பணித்தார். கிராணிக்கு இது பழகிய வேலை. குறிப்பேட்டைப் பார்த்த அவர் முதலில் விரல் வைத்த இடம் இரசம்.

இரசத்தில் கோதுமை ஏது? பெருங்காயத்தில் இருக்கின்றது. தூய பெருங்காயப் பிசின் மிகக் கடுமையானது. ஆதலால் மாவு கூட்டியே விற்கின்றனர். சில வகைகளில் அரிசி மாவு, பலவற்றில் கோதுமை மாவு. பொட்டலங்களின் மேலுள்ள சிற்றெழுத்துக்களை, 'தெப்போங் கண்டும்' என்ற மலாய்ச் சொல் உட்பட, நான் விடாது வாசித்து வந்தேன். நண்பர்கள் அன்போடு கொணர்ந்த மால்ட் மாவு டின்களையும், சமையலறையிலிருந்த கிச்சாப் புட்டியையும் அவ்வாறே ஒதுக்கியிருந்தேன். பெருங்காயமோ தாயார் பல்லாண்டாகப் பயன்படுத்தும் பழைய டப்பாவில் எழுத்தின்றிக் கிடந்தது. வயிறு உப்பினால் நம் வீடுகளில் கொடுக்கும் மருந்து யாது? பெருங்காயம் தூக்கலாயிட்ட இரசம். நான் நலிய நலியத் தாயார் கை தாராளமாயிற்று!

இரண்டாவது பால். பசியாறலில் ரொட்டி போன இடத்தைப் பால் பிடித்திருந்தது. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிப்பிக்கும் பொருள் அந்நுண்விரல்களின் நுனியில்தான் சுரக்கின்றது. அவை மழுங்கியிருக்குங்கால் பால் செரியாமல் பெருங்குடலிற் புளித்து உப்புசமும் போக்கும் உண்டாக்கும். விரல்கள் வளர்ந்தபின் பெரும்பாலும் இக்குறை நீங்கும். வளர்வதற்கோ, என் வயதினர்க்கு மாதங்களும் ஆகும், ஆண்டுகளும் ஆகும். வெண்சோறு ஒன்றையே நம்பியதால் நார்ச்சத்துக் குறைந்து மலச்சிக்கல் வந்தது என்பதையும் அம்மையார் குறித்தார். இவற்றையெல்லாம் திருத்திய பின்னும் நோய் தணியாவிடின் கணையத்தின் தளர்ச்சி, குடலிற் கிருமி பெருகுதல் முதலிய வேறு காரணங்களை மருத்துவர் தேடவேண்டியிருக்கும் என்றார். இரத்தச் சோதனைக்கு முன்னரே கோதுமையை விட்டுவிடுகிறவர்களுக்குச் சோதனை பொய்த்துப் போகக்கூடும் என்றும் எச்சரித்தார். தாமே பத்தியம் தொடங்க எண்ணும் அன்பர்கள் இதனைக் கருத்திற் கொள்க.

மூன்றாவதுதான் எனக்கு மிகுந்த துன்பம் விளைத்தது. தந்தையார் நீரிழிவுக்காரர், இரவில் சப்பாத்தி உண்பவர். அதே கல்லில் எனக்குத் தோசை வார்க்கப்பட்டது. தனிக்கல், தனிக்கரண்டி, தனிச்சட்டி வேண்டுமென்று அம்மையார் எழுதிக் கொடுத்ததைத் தாயாரிடம் வாசித்தேன்.

என் தாயாரின் பாட்டி, ஊர்க்கடையில் பிறர் குவளையிற் குடிக்க, சிரட்டையில் ஊற்றியதை வாங்கிக் குடித்தவர். அந்தச் சிரட்டையை மறப்பதற்கென்றே கப்பலேறியவர். எங்கள் பாட்டனார் தம் வீட்டில் யார் வந்தாலும் ஒரே குவளை என்று விதி செய்தார். அவ்வீட்டில் பிறந்த தாயார் சீட்டைக் கேட்டு முடித்ததும், "நாங்கள் தொட்டது உனக்கு ஆகாதா, ஐயா?" என்றார். கை அன்று, மாவுதான் என்று பலவாறு விளக்கினேன். சொற்கள் விளங்கின. எனினும் அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த மௌனத்தைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. மருத்துவர் சீட்டில் எழுதியதாலேயே அச்சொல்லின் பழைய கசப்புப் போய்விடுமா?

மூன்றாம் நாள் அடுக்களையில் புதிய ஏற்பாடு ஒன்றைக் கண்டேன். வீட்டுச் சட்டிகளையும் கரண்டிகளையும் மாற்றி, அவற்றில் கோதுமை படக்கூடாதென்று தாயார் விதித்துவிட்டார். பழைய கல்லும் சப்பாத்திக் கட்டையும் பின்கட்டில் ஒரு மேசைக்குச் சென்றன. "தனியாக இருக்க வேண்டியது கோதுமை. பிள்ளை எல்லாரோடும் ஒரே சட்டியில் தின்னட்டும்" என்றார். இவ்வழி எனக்கோ, அச்சீட்டை எழுதிய அம்மையாருக்கோ தோன்றியதன்று. தந்தையார் மட்டும், தம்மை நாடு கடத்திவிட்டதாகச் சில நாள் முறையிட்டார்.

ஆறு வாரத்தில் உப்புசம் அடங்கிற்று. ஆறாம் மாதச் சோதனையில் இரத்தத்தின் இரும்பு ஏறியிருந்தது. நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் பாதிக்குமேல் இறங்கியிருந்தது, முற்றும் நீங்கவில்லை. நெருங்கிய உறவினரையும் சோதித்தல் நலமென்று மருத்துவர் சொன்னமையால், அடுத்த மாதம் தாயாரும் என் தம்பியும் இரத்தம் கொடுக்க என்னோடு வருகின்றனர். பால் இன்னும் அரைக் கோப்பைதான்.