நான்காவது குருவி

மேல்நாட்டு நூல்களைப் படிக்கும் நம் மாணவர் பலருக்கு இலையுதிர் காலம் என்றால் ஒரு மயக்கம் உண்டு. பொன்னிறமும் செந்நிறமுமாக இலைகள் உதிர்ந்து கிடக்கும் பாதைகள், உலர்ந்த கொடிகளையும் காட்டுக் கனிகளையும் வளையமாகக் கட்டிக் கதவில் தொங்கவிட்ட வீடுகள் இவற்றையெல்லாம் படங்களிற் கண்டு, "நமக்கு அப்படியொரு பருவம் இல்லையே" என்று அவர்கள் ஏங்குவதை வகுப்பறையிற் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு நான் கூறும் மறுமொழி ஒன்றே. அந்தப் பருவம் நமக்கும் உண்டு. ஆயின் நம் ஊரில் அது இலை உதிரும் காலமன்று, இலை தளிர்க்கும் காலம். கதவில் தொங்கும் அந்த வளையமும் நமக்கு உண்டு. அதன் பெயர் தோரணம்.

பருவத்தின் விளைவைப் பறித்து வாயிலிற் கட்டும் ஆசை மனிதர் எல்லோர்க்கும் பொதுவானது போலும். பழைய ஏதென்ஸ் நகரில் இலையுதிர் பருவத்து விழாவொன்றின்போது, ஒலிவக் கிளையிற் கம்பளி நூலைச் சுற்றிப் பழங்களைத் தொங்கவிட்டுச் சிறுவர்கள் பாடிக்கொண்டு எடுத்துச் செல்வார்களாம். பின்னர் அக்கிளையை வீட்டு வாயிலிற் கட்டிவைப்பர். மறு ஆண்டு புதியது வரும்வரை அது அங்கேயே உலர்ந்து தொங்கும். அவர்களுக்கு ஒலிவம் வாய்த்தது. நமக்குத் தென்னையும் மாவும் வாய்த்தன. கைக்கு எட்டும் தூரத்தில் நிலம் எதைத் தருகிறதோ அதுவே வாயிலுக்கு வருகிறது.

எங்கள் ஊராகிய சம்பூர், திருகோணமலை மாவட்டத்தில் மூதூருக்குக் கிழக்கே, மகாவலி கங்கை கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடாவின் கரையில் உள்ளது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கு மண் வெடித்து, புல் கருகி, பற்றைகள் சாம்பல் நிறமாகிவிடும். எங்கள் மாவட்டத்தின் ஆண்டு மழையிற் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் விழுவது. புரட்டாதியின் கடைசியில் முதல் மழை விழுந்ததும் ஊரின் முகமே மாறிவிடும். நவராத்திரி, தீபாவளி, கேதாரகௌரி விரதம், கார்த்திகை விளக்கீடு என்று திருநாள்கள் வரிசையாக வருவதும் இந்தப் பருவத்திலேதான். ஆகவே தோரணத்துக்கு வேண்டிய பொருள்களும் தோரணத்துக்கு உரிய நாள்களும் ஒருங்கே வந்து சேர்கின்றன.

இப்பருவத்தில் ஒரு காலைப்பொழுது சிறுவர்களை அழைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தாற் போதும். கடைக்குப் போக வேண்டியதில்லை. கடற்கரை மணலில் அடம்பன் கொடி படர்ந்திருக்கும். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று நம் முதியோர் ஒற்றுமைக்கு உவமை சொல்லும் கொடி இதுவே. மூன்று நான்கு கொடிகளைச் சேர்த்து முறுக்கினால் வளையமாகக் கட்டுவதற்கு ஏற்ற கயிறு ஆகிவிடும். சங்கப் புலவர்கள் இதனை அடும்பு என்று அழைத்தனர். பிளவுபட்ட இதன் இலையை மானின் அடிக்கு ஒப்பிட்டனர். பிற்காலத்தில் தாவரவியலார் இதற்கு இட்ட இலத்தீன் பெயரின் பின்பாதி 'ஆட்டின் பாதம்' என்று பொருள்படும். கடல்களும் நூற்றாண்டுகளும் இடையே கிடந்தும் இரு சாராரும் ஓர் இலையில் ஒரே குளம்பைக் கண்டிருக்கிறார்கள் என்று சொன்னால், சிறுவர்கள் உடனே குனிந்து இலையைப் பார்ப்பார்கள். இக்கொடியை வேரோடு பிடுங்கலாகாது. கரை மணலைக் காற்று அள்ளிச் செல்லாமற் பிடித்து நிற்பது இதுவே. ஓடிய கொடியின் நுனிப்பகுதியை மட்டும் அறுத்துக்கொள்ள வேண்டும்.

வேலியோரங்களில் கார்த்திகைப் பூ நெருப்புச் சுவாலைபோல் நிமிர்ந்து நிற்கும். கண்ணுக்கு அதனினும் அழகான பூ இப்பருவத்தில் வேறில்லை. ஆயினும் அதன் கிழங்கு முதற்கொண்டு எல்லாப் பகுதியும் நஞ்சு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அதைக் கொடியிலேயே விட்டுப் பார்த்து மகிழ்வது நன்று. குண்டுமணியும் அத்தகையதே, சிவப்பும் கறுப்புமான அந்த மணி கோப்பதற்கு அழகியது, கடித்தால் உயிருக்கே கேடு. இவற்றைச் சிறுவர்க்குச் சொல்லிக் கொடுப்பதும் தோரணம் கட்டும் கல்வியின் ஒரு பகுதியாகும். எதைப் பறிக்கலாம், எதைப் பார்த்து மட்டும் மகிழலாம் என்பதை அறிந்தவனே நிலத்தை அறிந்தவன்.

இனி, தோரணத்தின் உயிராகிய குருத்தோலைக்கு வருவோம். தென்னைக்கு வளரும் நுனி ஒன்றே. அது பழுதுபட்டால் மரமே பட்டுவிடும். செழிப்பான தென்னை ஏறத்தாழ மாதத்துக்கு ஒன்று வீதம் ஆண்டுக்கு 12 ஓலைகள் விடும். ஒவ்வோர் ஓலையின் கக்கத்திலும் ஒரு பாளை தோன்றும். ஆகவே குருத்தை வெட்டுகிறவர் மரத்தின் ஒரு மாத உழைப்பை வெட்டுகிறார். ஒரு குலைக்கு ஊட்டம் தரவேண்டிய ஓலையையும் எடுத்துக்கொள்கிறார். எங்கள் வீட்டில் இதற்குச் சில கட்டுப்பாடுகள் இருந்தன. நன்றாகக் காய்க்கும் மரத்தில் கை வைப்பதில்லை. ஒரு மரத்தில் ஆண்டுக்கு ஒரு குருத்துக்கு மேல் எடுப்பதில்லை. அடிவரை வெட்டாமல் மேற்பாதியை மட்டுமே எடுப்பார்கள். தோரணம் இலவசமாகக் கிடைக்கும் பொருளன்று, மரத்திடம் வாங்கிய கடன் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

குருத்தின் இளமஞ்சள் ஓலைகளைத் தனித்தனியே பிரித்து, ஓலையை மடித்து, நகத்தாற் கீறி, கீறிய பகுதியைத் திருப்பிச் செருகினால் குருவியின் தலைபோல ஒரு கூர் எழும். அதனையே நாம் குருவி என்கிறோம். மங்கல நிகழ்ச்சிக்கு உரிய தோரணத்தில் ஓர் ஓலைக்கு நான்கு குருவிகள். துக்க வீட்டுத் தோரணத்தில் மூன்று. கயிற்றிலே குருத்தோலைக்கு இடையிடையே மாவிலையைச் செருகிக் கட்டுவது வழக்கம். தெருவிற் போகிறவர் வாயிலை நிமிர்ந்து பார்த்தாற் போதும். அவ்வீட்டில் நடப்பது மகிழ்ச்சியா துயரமா என்பதை ஓலை சொல்லிவிடும்.

இந்த மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள தூரத்தை நான் முழுமையாக உணர்ந்தது பின்னாளில்.

2006 ஆம் ஆண்டு யுத்தத்திற் சம்பூர் மக்கள் அனைவரும் ஊரைவிட்டு வெளியேறினர். மறு ஆண்டில் ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை என்னும் இடங்களில் அமைந்த முகாம்களில் எங்கள் உறவினர் பலர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைக் கழித்தனர். 2015 ஆம் ஆண்டில் 818 ஏக்கர் நிலம் மக்களுக்கு மீண்டது. அடுத்த ஆண்டு மேலும் ஒரு பகுதி மீண்டது. திரும்பிச் சென்றவர்கள் கண்டது வீடுகள் இருந்த இடங்களைத்தான். பற்றை மூடிய நிலத்தில், கிணறு இருந்த இடத்தையும் எஞ்சிய மரத்தையும் அடையாளமாகக் கொண்டு, "இது நம்முடைய வளவு" என்று அவர்கள் கண்டுகொண்டனர்.

2017 ஆம் ஆண்டு நவராத்திரிக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். தகரக் கூரையிட்ட ஒரு வீட்டு முற்றத்திற் சிறுவர்கள் கூடிச் சரஸ்வதி பூசைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தனர். யாரோ வேற்றூரிலிருந்து ஒரு குருத்துக் கொண்டுவந்திருந்தார். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஓலையை மடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல்களின் வேகம் வியப்பைத் தந்தது. பழக்கப்பட்ட கை அது. அவள் மடித்து அடுக்கிய ஓலைகளை, திண்ணையில் இருந்த என் பெரியம்மா ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"பிள்ளை, இது செத்த வீட்டுத் தோரணமெல்லோ. மூன்றுதானே மடிச்சிருக்கிறாய்?"

சிறுமி நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு இது மட்டுந்தான் தெரியும் ஆச்சி" என்றாள்.

அவள் முகாமிற் பிறந்தவள். அங்கேயும் கல்யாணங்கள் நடந்தன. பிறந்த நாள்கள் வந்தன. அவற்றுக்குக் கடையில் வாங்கிய கடதாசித் தோரணம் கட்டினார்கள். குருத்தோலை வந்ததோ மரண வீடுகளுக்கு மாத்திரம். ஏன் அப்படி என்று பெரியம்மாவிடம் பிறகு கேட்டேன். அவர் சொன்ன விடையை நான் மறக்க முடியாது. "துக்கமெண்டால் பக்கத்து ஊர்ச் சனம் கேளாமலே குருத்து வெட்டித் தரும். சந்தோசத்துக்கு மற்றவன்ரை மரத்திலை குருத்துத் தாவெண்டு எப்படித் தம்பி கேக்கிறது?"

தனக்கென்று மரம் இல்லாதவனுக்கு மூன்று குருவிகள் கிடைக்கும். நான்காவதைக் கேட்க நாக் கூசும். ஒரு தலைமுறை தன் மண்ணை இழந்தால் எதை இழக்கிறது என்பதை எத்தனையோ அறிக்கைகளிற் படித்திருக்கிறேன். அந்தச் சிறுமி அடுக்கிய ஓலைகளைப் போல் எதுவும் எனக்கு அதை விளக்கியதில்லை.

பெரியம்மா திண்ணையிலிருந்து இறங்கிச் சிறுமிக்குப் பக்கத்தில் அமர்ந்தார். அவருக்குக் கண் மங்கியிருந்தது, விரல் மங்கவில்லை. இன்னும் சற்றுக் கீழே நகத்தாற் கீறி, ஓலையைத் திருப்பி, செருகிக் காட்டினார். சிறுமி இரண்டு முறை தவறினாள். மூன்றாம் முறை நான்காவது குருவி தலை நிமிர்த்தியது. முன்னர் மடித்த ஓலைகளையும் அவள் வீசிவிடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு குருவி சேர்த்தாள். அன்று மாலை அந்த வாயிலில் தொங்கிய தோரணம் சற்றுக் கோணலாகவே இருந்தது. ஊரிற் பலர் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இப்போது சந்தையிற் பிளாஸ்டிக் தோரணங்கள் மலிந்துவிட்டன. மாவிலைபோலவும் செவ்வந்திபோலவும் செய்து, உறையில் இட்டு விற்கிறார்கள். இலங்கையில் 2023 ஒக்டோபர் முதலாந் திகதியிலிருந்து தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பாவனைப் பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலில் உறிஞ்சுகுழல், தட்டு, கரண்டி ஆகியவற்றோடு பிளாஸ்டிக் மாலைகளும் இடம்பெற்றன. கடலுக்கும் கால்நடைக்கும் நேரும் கேட்டைக் கருதிச் செய்த நல்ல ஏற்பாடு அது. எனினும், அந்தக் கேட்டுக்கு அப்பால் இன்னொன்றும் உண்டு. பிளாஸ்டிக் தோரணம் வாடுவதில்லை. வாடாதது மறு ஆண்டும் பெட்டியிலிருந்து வெளியே வரும். எவரும் எவருக்கும் எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. குருத்தோலையோ சில நாளிற் பழுப்பாகிச் சுருண்டுவிடும். அது வாடிவிடுவதனாலேதான் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பெரியவர் முற்றத்தில் அமரவும், ஒரு சிறுவர் கூட்டம் அவரைச் சுற்றி அமரவும் நேர்கிறது.

ஊருக்குத் திரும்பியவர்கள் முதலில் செய்த வேலைகளுள் ஒன்று தென்னம்பிள்ளை நடுவது. நாட்டுத் தென்னை காய்க்க ஆறு ஏழு ஆண்டுகள் செல்லும். 2016 இல் எங்கள் வளவில் நட்டவை இன்று காய்த்து நிற்கின்றன. பெரியம்மா இப்போது இல்லை. அவர் காலமானபோது எங்கள் சொந்த மரத்திலிருந்தே குருத்து இறக்கினோம். வாயிலில் மூன்று குருவித் தோரணம் தொங்கியது. அதை மடித்தவர்களுள் அந்தப் பெண்ணும் ஒருத்தி. எந்த வீட்டுக்கு எத்தனை என்பதை இப்போது அவள் நன்கு அறிவாள்.

இந்த நவராத்திரிக்கு இதைப் படிக்கும் பெற்றோர் ஒரு காலைப்பொழுதைப் பிள்ளைகளுக்காக ஒதுக்கலாம். நகரத்தில் உள்ளவர்களுக்கும் ஒரு மாமரமோ பூவரசோ எட்டாத தூரத்தில் இல்லை. மரத்துக்கு உரியவரிடம் கேட்டுப் பறியுங்கள். வேண்டிய அளவே பறியுங்கள். கட்டுவதற்கு வாழை நார் போதும். வீட்டில் முதியவர் இருந்தால் ஓலையை அவர் கையிற் கொடுங்கள். மடிக்கத் தெரியுமா என்று கேட்க வேண்டாம். ஓலையைத் தொட்டதும் விரல்களே நினைவுகூரும். பிள்ளை முதலில் மூன்று குருவிதான் மடித்தால் கவலையில்லை. பக்கத்தில் அமர்ந்து நான்காவதைக் காட்டிக் கொடுங்கள்.