லுக்கா மடல்: கண்ணாடிக்கடியில் ஒரு கடிதம்

இந்த ஊரில் மாதத்தின் மூன்றாம் ஞாயிறு பழம்பொருள் சந்தை கூடும். போன ஞாயிறு ஒரு மேசையில், கண்ணாடிக்கடியில், 1916-ம் வருடத்துக் கடிதம் ஒன்று விலைக்கு இருந்தது. எழுதியவர் இதே லுக்காவில் பிறந்த ஓபரா மேதை புச்சீனி. கையெழுத்து கோழி கிளறின மண் மாதிரி. ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. உறையின் ஓரத்தில் தணிக்கை முத்திரை மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

பாவம், அந்த மனிதர் போரில் பட்டபாடு! வியன்னா அரங்கம் ஒன்றுக்காக 'லா ரோந்தினே' என்ற ஓபராவை எழுத ஒப்புக்கொண்டிருந்தார். 1915 மே மாதம் இத்தாலி ஆஸ்திரியாமீதே போர் தொடுத்துவிட்டது. மகன் படையில் சேர்ந்தான். 1917 மார்ச்சில் மோன்தே கார்லோவில் ஒருவழியாக அரங்கேற்றினால், எதிரியோடு வியாபாரம் பேசியவர் என்று பிரான்சில் ஏச்சு.

பக்கத்தில் நின்ற வெளிநாட்டுக்காரர், "கையோடு எடுத்துப் போகலாமா?" என்றார். கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். இங்கே சட்டம் அப்படி. எழுதியவர் காலமாகி, தாளுக்கும் 70 வயது தாண்டியிருந்தால், அரசு ஏற்றுமதி அலுவலகத்தின் சான்றிதழ் இல்லாமல் நாட்டைவிட்டு நகர்த்த முடியாது. ஓவியம் 13,500 யூரோவுக்குக் கீழே என்றால் சலுகை உண்டு. கையெழுத்துப் பிரதிக்கு அது செல்லாது. எவ்வளவு மலிவானாலும் விண்ணப்பம் போட்டே ஆகவேண்டும். அலுவலகத்துக்கு 40 நாள் அவகாசம். மறுத்துவிட்டால் கடிதம் இத்தாலியிலேயே தங்கும். ஒற்றைத் தாளுக்கு இத்தனை காவல்! எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

தாத்தா ரங்கூனிலிருந்து போட்ட கடிதங்கள் எங்கள் தாழ்வாரக் கம்பியில் குத்திக் கிடந்தன. இரண்டாம் உலகப் போரில் அங்கே குண்டு விழுந்து, அவர் நடந்தே ஊர் வந்து சேர்ந்ததற்கு முந்தைய கடிதங்கள். அவற்றிலும் தணிக்கை முத்திரை இருந்ததாம், அம்மா சொல்வாள். ஒரு போகியன்று விடியற்காலையில் பழைய பாயோடும் கிழிந்த முறத்தோடும் அத்தனையும் தீயில் போயின. நான்தான் சுற்றிச் சுற்றி வந்து மேளம் அடித்தேன்.

ராத்திரி அக்காவைக் கூப்பிட்டு, அந்தக் கம்பி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். கரண்ட் பில் குத்தி வைத்திருக்கிறாளாம். "அடியில் ஏதாவது பழைய தாள் ஒட்டிக்கொண்டிருக்கா, விளக்கைப் போட்டுப் பாரேன்" என்றேன்.