கை வைக்காதே என்ற பெட்டி

நான் படித்த பள்ளியில் ஒரு கம்ப்யூட்டர் அறை இருந்தது. ஆறு பெட்டிகள், அதில் மூன்றுதான் ஓடும். வெள்ளிக்கிழமை தோறும் அந்த அறையைப் பெருக்கித் துடைப்பது எங்கள் தெருப் பிள்ளைகளின் வேலை. பாடம் நடக்கும்போது எங்களுக்குக் கடைசி வரிசை. "கை வைக்காதே, கெட்டுப்போயிடும்" என்பதுதான் நான் கற்ற முதல் கணினிப் பாடம். அதே அறையில் விளக்குமாற்றைப் பிடிக்க மட்டும் எங்கள் கைக்குத் தடையில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி வீட்டுக்கு வந்தது. போட்டவுடன் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்று இரண்டு பெயர்கள் திரையில் வரும். நான் எப்போதும் முதலாவதையே அழுத்தினேன். மற்றதைத் தொட்டால் கெட்டுவிடும் என்ற பயம். அந்தப் பயத்தை யார் போட்டார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை.

பல வருடம் கழித்து, ஆதிதிராவிடர் நல விடுதிகளின் குடிநீர், கழிப்பறை, காப்பாளர் பணியிடம் பற்றிப் பல அலுவலகங்களுக்கு நாங்கள் தகவல் உரிமை மனு போட்டோம். பதில்கள் தபாலில் குவிந்தன. பதில் திருப்தியில்லை என்றால், அது கைக்கு வந்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19(1) பிரிவு அப்படிச் சொல்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட பதில்கள், ஆளுக்கொரு தேதி. எதற்கு எப்போது கெடு முடிகிறது, எதில் தட்டிக்கழித்திருக்கிறார்கள் என்று பார்க்க, தோழர்கள் ஒவ்வொரு பதிலையும் எழுத்துக் கோப்பாகத் தட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து படித்தால் கெடு போய்விடும். என் பழைய லேப்டாப்போ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உறைந்து நின்றது.

பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தம்பி வந்து அதில் லுபுண்டு போட்டான். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, "அக்கா, முதல்ல நாம எங்க நிக்கிறோம்னு கேளுங்க. பிடபிள்யூடின்னு சின்ன எழுத்துல அடிங்க" என்றான்.

"பிடபிள்யூடின்னா பொதுப்பணித் துறைதானே தம்பி?"

"இது உடனே பதில் சொல்ற பிடபிள்யூடி, அக்கா."

சொன்னது. நான் எந்த ஃபோல்டரில் இருக்கிறேன் என்று ஒரே வரியில் காட்டியது. பிறகு எல்எஸ்: இங்கே என்னென்ன இருக்கிறது. சிடி: இன்னொரு ஃபோல்டருக்குப் போ. எம்கேடிர்: புது ஃபோல்டர் உண்டாக்கு. சிபி: நகலெடு. எம்வி: இடம் மாற்று, அல்லது பெயர் மாற்று. கேட்: கோப்பில் உள்ளதைக் காட்டு. பாதிப் பெயரை அடித்து டேப் சாவியைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பும். மறந்துபோனால் மேன் என்று அடித்துக் கட்டளையின் பெயரையும் சேர்த்தால் அதன் விளக்கம் வரும். ஒரு மாலையில் இவ்வளவும் கைக்கு வந்துவிட்டது. தப்பாக அடித்தபோதெல்லாம் "அப்படிக் கட்டளை இல்லை" என்றது, அவ்வளவுதான். எதுவும் கெட்டுப்போகவில்லை.

கடைசியாகக் கிரெப். கோப்புகளுக்குள்ளே ஒரு சொல்லைத் தேடித் தருவது. அதோடு ஆர், எல் என்ற இரண்டு குறிகளைச் சேர்த்தால் ஃபோல்டர் முழுக்கத் தேடி, அந்தச் சொல் உள்ள கோப்புகளின் பெயரை மட்டும் வரிசையாகத் தரும். அதிகாரிகள் விரும்பி எழுதும் "பராமரிக்கப்படவில்லை" என்ற சொல்லைக் கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை. தம்பி ஒரு கோப்பைத் திறந்து பார்த்துச் சிரித்தான். பலர் பாமினியிலும் வானவில்லிலும் தட்டியிருந்தார்கள். நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை வேறு எழுத்துகள். நான் தேடியதோ யூனிகோடு தமிழ். எல்லாவற்றையும் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினோம்.

அன்றிரவு அவன் போன பிறகு, பழைய எழுத்துருக் கோப்புகளை நானே அழிக்கலாம் என்று உட்கார்ந்தேன். அழிக்கும் கட்டளை ஆர்எம். அடுத்து ஒரு நட்சத்திரக் குறி, புள்ளி, பழைய கோப்புகளின் வால்பெயர். நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. தனியாக நிற்கும் நட்சத்திரத்துக்கு "எல்லாம்" என்று பொருள். ஃபோல்டரில் இருந்த அத்தனை கோப்பும் போனது. இங்கே குப்பைத்தொட்டியும் கிடையாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கடைசியில் நான் அடித்த அந்த வால்பெயரைக் காட்டி "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்றது. அலுவலகங்கள் சொன்ன அதே பதில்.

கை வைத்தால் கெட்டுப்போகும் என்றவர்கள் சொன்னது சரிதானோ என்று அன்று ஒரு கணம் தோன்றியது. தம்பிக்குப் போன் போட்டேன். "பென்டிரைவ்ல எல்லார்கிட்டயும் மூலம் இருக்குல்ல அக்கா? திரும்ப மாத்திக்கலாம். இனிமே ஐ குறி சேர்த்து அழிங்க, ஒவ்வொண்ணுக்கும் கேட்டுட்டுத்தான் அழிக்கும். அதுக்கு முன்னாடி ஒரு நகல்." திட்டவில்லை. இரண்டு நாளில் எல்லாவற்றையும் சேகரித்து மறுபடி மாற்றினோம். மறுபடி கிரெப். இந்த முறை கோப்புப் பெயர்கள் திரையில் இறங்கிக்கொண்டே போயின. வெவ்வேறு ஊர், வெவ்வேறு அதிகாரி, ஒரே வாக்கியம். கெடு நெருங்கியவற்றை முதலில் எடுத்து மேல்முறையீடுகளைத் தபாலில் சேர்த்தோம்.

இது ஒரு தம்பியின் தயவால் கிடைத்தது மட்டுமல்ல. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 21 வயதில், லினக்ஸ் கருவை வெளியிட்டார். யாரும் நகலெடுக்கலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பதே அதன் உரிமம். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தன் பத்திரிகைக்கு ஒரு பைசா விலை வைத்ததை நினைத்துக்கொள்கிறேன். கருவியின் விலையும் பூட்டும்தான் யார் உள்ளே வரலாம் என்று முடிவுசெய்கின்றன. இங்கே இரண்டும் இல்லை. ஆனால் விலையும் பூட்டும் போனால் மட்டும் பயம் போய்விடாது. அது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால்தான் போகும்.

எனவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இயக்கத்தின் ஆவணங்களை யூனிகோடில் தட்டுங்கள். இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். வீட்டில் தூங்கும் அந்த விலையில்லா மடிக்கணினியை எடுத்து, ஒரு வெற்று ஃபோல்டரில் பழகுங்கள். முதலில் எங்கே நிற்கிறோம் என்று கேளுங்கள். கற்றபின் உங்கள் தெருவில் கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்ட ஒரு பிள்ளையை அழைத்து, சாவிப்பலகையை அதன் பக்கம் நகர்த்துங்கள்.