இருவர் மட்டும்

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி, கொவிட்-19 நோய்ப்பரவலை முறியடிக்கும் நடவடிக்கைகள் சிங்கப்பூரில் தொடங்கின. பெரும்பாலான வேலையிடங்கள் மூடப்பட்டன. மறுநாள் முதல் மாணவர்கள் வீட்டிலிருந்தே பாடம் கற்றனர். வேறு வீட்டில் வாழும் தாத்தா பாட்டியைச் சும்மா பார்த்துவிட்டு வருவதற்குக்கூட அனுமதி இல்லை.

ஜூன் 2ஆம் தேதி கட்டுப்பாடு சற்றுத் தளர்ந்தது. பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் பார்க்கச் செல்லலாம். ஆனால், ஒரு நாளில் ஒரே வீட்டைச் சேர்ந்த இருவர் மட்டுமே போகலாம்.

பொங்கோலில் வசித்த ஒரு குடும்பத்தில் நான்கு பேர். தேக்காவில் தனியாக வாழ்ந்த பாட்டியைப் பார்க்க நால்வருக்கும் ஆசை. ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டினர் வருவதாக இருந்ததால், இவர்களுக்குச் சனிக்கிழமை மட்டுமே கிடைத்தது. “உன் அம்மாவை நீதான் முதலில் பார்க்க வேண்டும்,” என்று அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டார். இன்னும் ஓர் இடம்தான் மிச்சம்.

“தம்பியே போகட்டும்,” என்றாள் உயர்நிலை மூன்றில் படித்த மகள். எல்லாரும் அவளை வியப்போடு பார்த்தார்கள். அவள் காரணம் சொல்லவில்லை. ஏப்ரல் மாதத்தில் பாட்டி அழைத்தபோதெல்லாம், “வகுப்பில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன்,” என்று தொடர்பைத் துண்டித்தவள் அவள். பிறகு அவள் பேசவே இல்லை. சில நாளில் பாட்டியின் அழைப்பும் நின்றுபோனது. இப்போது எந்த முகத்தோடு போவது?

“பாட்டி உன்னைத்தான் கேட்டார்கள்,” என்றார் அம்மா.

பெருவிரைவு ரயிலில் பயணிகள் முகக்கவசம் அணிந்து, பேசாமல் அமர்ந்திருந்தனர். வார இறுதியில் நிற்கக்கூட இடமில்லாத சிராங்கூன் சாலை அன்று அமைதியாக இருந்தது. ஊழியர்கள் பலர் தங்கும் விடுதிகளைவிட்டு வெளியே வர முடியாத காலம் அது.

பஃபலோ சாலையில் உள்ள அடுக்குமாடி வீட்டின் கதவைத் திறந்த பாட்டி, ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார். கட்டியணைக்க எழுந்த கைகளை மெல்லக் குவித்துக்கொண்டார். “இளைத்துவிட்டாயே!” என்று மட்டும் சொன்னார்.

அம்மா சமையலறைக்குள் சென்றார். மகளின் கண்கள் தொலைபேசிக்கு மேலே ஒட்டியிருந்த தாளில் பதிந்தன. கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பாட்டியின் கையெழுத்து: ‘காலை 9 கணக்கு. 10.30 அறிவியல். 12 தமிழ். இந்த நேரத்தில் பேத்தியை அழைக்கக் கூடாது.’ அதன் கீழே, ‘மே 5 முதல் விடுமுறை’ என்று எழுதி, இரண்டு கோடுகள் போட்டிருந்தார். அதற்குப் பிறகு தாளில் ஒன்றும் இல்லை.

விடுமுறை ஏறத்தாழ நான்கு வாரம் நீடித்தது. அந்த நாள்களில் ஒருமுறைகூடப் பாட்டியை அழைக்கவில்லை என்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

“என்னை மன்னித்துவிடுங்கள், பாட்டி.”

“எதற்கு? படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்யலாமா? அம்மாவிடம் கேட்டு எழுதி வைத்தேன்,” என்றார் பாட்டி, இயல்பாக.

அவள் பேனாவை எடுத்தாள். வெற்றிடத்தில், ‘தினமும் மாலை 6 மணி: பேத்தி அழைப்பாள்’ என்று எழுதினாள். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “ஆறு மணிக்கு நாடகம் போடுவார்களே! சரி, நாடகம் போனால் போகட்டும்,” என்று சிரித்தார்.

வீடு திரும்பும்போது, வர முடியாத இருவருக்கும் அடுக்குப் பாத்திரத்தில் உணவு கொடுத்தனுப்பினார் பாட்டி.

ஜூன் 19ஆம் தேதி முதல் ஒரு வீட்டிற்கு ஐவர்வரை செல்லலாம் என்ற அறிவிப்பு நடப்புக்கு வந்தது. அடுத்த நாள் நால்வரும் தேக்காவுக்குச் சென்றனர். அந்தத் தாள் அங்கேயே ஒட்டியிருந்தது. பேத்தி எழுதிய வரியின் கீழே இரண்டு கோடுகள் போடப்பட்டிருந்தன.