இரும்பு மூக்குக்காரர்

வெனிஸ் ரயில் நிலையத்தில் இறங்கும் கூட்டம் பெட்டிகளை உருட்டிக்கொண்டு ஒரே திசையில் போகிறது. ரியால்தோ பாலம், சான் மார்க்கோ சதுக்கம், நாலு செல்ஃபி, திரும்பவும் ரயில். பாதி வழியில் இடப்பக்கம் பிரிந்து இரண்டு மூன்று பாலங்களைத் தாண்டினால் பெட்டிச் சக்கரங்களின் சத்தம் அடங்கிவிடும். கன்னரெஜ்ஜோ பேட்டையின் வடகோடி அது. சந்துக்கு மேலே கொடி கட்டித் துணி காயப்போட்டிருப்பார்கள்.

அங்கே மோரி சதுக்கத்தின் சுவர்களில் தலைப்பாகை கட்டிய மூன்று கல் மனிதர்கள் நிற்கிறார்கள். மூலையில் முதுகில் மூட்டையோடு நிற்பவரை ஊர் ‘சியோர் அந்தோனியோ ரியோபா’ என்று மரியாதையாகவே அழைக்கிறது. முகம் தேய்ந்து, கண் குழிந்து போயிருக்கிறது. மூக்கு மட்டும் இரும்பு! கல் மூக்கு போன பிறகு 19ஆம் நூற்றாண்டில் பொருத்தியது. அதைத் தடவினால் அதிர்ஷ்டம் என்று ஒரு நம்பிக்கை உண்டு.

கதை இப்படிப் போகிறது: ரியோபாவும் சகோதரர்களும் துணி வியாபாரிகள். வாங்க வந்த பெண்ணிடம் மட்டமான துணியை உயர்ந்தது என்று சொல்லி, ‘பொய்யென்றால் நான் கல்லாய்ப் போகிறேன்’ என்று சத்தியமும் செய்தார்கள். வந்தவள் மகதலா மரியா. சத்தியம் பலித்தது. இப்படிக் கல்லான ஏமாற்றுக்காரர்தான் பிறகு ஊரின் வாயானார். அதிகாரிகளைக் கிண்டலடிக்கும் சீட்டுகளை அவர்மேல் ஒட்டினார்கள். 1848 புரட்சியின்போது அவர் பெயரிலேயே ஒரு நையாண்டிப் பத்திரிகை வந்தது.

சதுக்கத்தின் பெயரைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை. ரியோபா சகோதரர்கள் 1112இல் கிரேக்கத்தின் மொரேயாவிலிருந்து வந்த மஸ்தெல்லி குடும்பம் என்பதால் ‘மோரி’ என்பது ஒரு கட்சி. தலைப்பாகையைக் காட்டி, மூர்கள்தான் என்பது எதிர்க்கட்சி. அருகில் அரபு வணிகர்களின் கிடங்கு இருந்தது என்பது மூன்றாவது.

அந்த மஸ்தெல்லி மாளிகையின் கால்வாய்ப் பக்கச் சுவரைப் பார்க்க, மடோன்னா தெல்லோர்த்தோ தேவாலயத்தின் பக்கம் போய் எதிர்க்கரையில் நிற்கவேண்டும். ஓர் ஒட்டகம்! முதுகில் கட்டிய சுமை, கூடவே ஒட்டகக்காரன். மலபார் மிளகு செங்கடலில் கரையேறியதும் ஒட்டகத்தின் முதுகில்தான் நைல் வரை போனது. அங்கிருந்து அலெக்சாந்திரியா, பிறகு வெனிஸ் கப்பல். சாலையே இல்லாத இந்த ஊரில் அந்தத் தரைவழிக்கு வைத்த சாட்சிபோல இருக்கிறது இந்தப் புடைப்புச் சிற்பம். மணற்புயலைத் தாண்டிய விலங்குக்குக் கீழே பச்சைத் தண்ணீர் தளும்புகிறது.

தேவாலயத்துக்குள் அடங்கியிருப்பவர் சாயக்காரர் மகனான ஓவியர் தின்தொரெத்தோ. 1594இல் இறக்கும்வரை அவர் குடியிருந்த வீடு மோரி சதுக்கத்தை அடுத்த கால்வாய்க்கரையில்தான் இருக்கிறது. தேவாலயத்தில் அவர் வரைந்த கடைசித் தீர்ப்பு ஓவியத்தின் உயரம் சுமார் 14 மீட்டர். அதே கோயிலில் இருந்த பெல்லீனியின் சிறிய மாதா படம் 1993இல் திருடுபோனது, திரும்பவே இல்லை.

திருடன் ஒரு படத்தைத்தான் கொண்டுபோனான். உப்பு சுவர்களைத் தெருத் தெருவாகத் தின்கிறது. பழைய கொத்தனார்கள் அடியில் இஸ்த்ரியக் கல்லை வைத்தார்கள். அதில் தண்ணீர் ஏறாது. இப்போது வெள்ளம் அந்தக் கல்லைத் தாண்டிச் செங்கலைத் தொடுகிறது. 2019 நவம்பரில் 187 சென்டிமீட்டர் ஏறியது. ஈரம் காயும்போது உப்புப் பூத்துச் செங்கல் பொடிகிறது. அதை மறைக்கச் சிமெண்டை அப்புகிறார்கள்! சுண்ணாம்புக் காரை மூச்சுவிடும், சிமெண்ட் விடாது. அடைபட்ட ஈரம் மேலே ஏறி, நேற்றுவரை நன்றாயிருந்த செங்கலையும் கெடுக்கிறது. பூச்சு புதிதாக இருக்கும் வரை பார்க்கிறவர்களுக்கு லட்சணமாகத்தான் தெரியும். கூட்டத்தைக் குறைக்க 2024இல் சில நாட்களுக்கு மட்டும் பகல்நேரப் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது நகராட்சி. சுவருக்குச் சுண்ணாம்பு கேட்பவர்களின் குரல் நகராட்சி வரை எட்டுவதில்லை.

ரியோபாவுக்கும் ஒரு முறை ஆபத்து வந்தது. 2010 மே மாதம் யாரோ அவர் தலையைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சில நாட்களில் தலை கிடைத்தது, மறுபடி உடலில் பொருத்தினார்கள். மூக்கைக் கல்லில் செய்து, நிறத்தை ஒத்துப்போகச் செய்து, பழுதே இல்லாததுபோலக் காட்டியிருக்கலாம். செய்யவில்லை. இன்றும் அதே இரும்பு, யார் கண்ணுக்கும் ஒட்டுவேலை என்று தெரியும்படி.