பேரனும் நானும் ஒரு பாட்டும்



மூன்று வாரமாக எதுவும் எழுதவில்லை என்று போன் போட்டுக் கேட்டவர்களுக்கு நன்றி. மூட்டுவலி தவிர வேறொன்றும் இல்லை. இன்று ஒரு பாட்டைப் பற்றி எழுதுகிறேன். இளையராஜா பாட்டு அல்ல, ஏமாந்தவர்கள் மன்னிக்கவும்.

2020 ஊரடங்கின்போது டெல்லியிலிருந்து என் மகள் பேரனைக் கூட்டிக்கொண்டு கொட்டாம்பட்டிக்கு வந்தாள். அவனுக்கு அப்போது ஐந்து வயது. பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று அங்கே மருத்துவர்கள் சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது. உங்களிடம் நான் அதைச் சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "கொஞ்சம் லேட்டாப் பேசுவான்" என்று சமாளித்தேன். அது தப்பு.

34 வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் வீட்டில் பேசாத பிள்ளையா என்று எனக்கு ஒரு வீம்பு. முதல் ஒரு மாதம் அவனை உட்காரவைத்து அம்மா, ஆடு, நிலா என்று பாடம் நடத்தினேன். என் கையை விலக்கிவிட்டு எழுந்து போவான். ஒருநாள் முகவாயைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். கடித்துவிட்டான். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எங்கள் வீடு நான்குவழிச் சாலைக்குப் பக்கம். திருச்சி போகிற லாரி ஏர் ஹாரன் அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டிவிடுவான். அப்படி ஒரு சாயங்காலம் மகள் செல்போனில் ஒரு பாட்டைப் போட்டாள். முதலில் கிடார் மட்டும், எங்கேயும் போக அவசரம் இல்லாததுபோல. பிறகு குரல்கள். சில சொற்களையே திரும்பத் திரும்ப, இழுத்து இழுத்துப் பாடினார்கள். அவன் காதிலிருந்து கையை எடுத்தான். திண்ணையில் ஒரு தூணுக்கும் இன்னொரு தூணுக்கும் நடந்தான். வாயை மூடிக்கொண்டு ம்ம் என்று கூடவே முனகினான். சுருதி விலகவில்லை.

"ஏத்தா, இது என்ன பாஷை? என்ன அர்த்தம்?" என்றேன்.

"அர்த்தத்த விடுங்கப்பா. அவனப் பாருங்க."

என்னிடம் படித்தவர்களுக்கு என் குணம் தெரியும். பொருள் தெரியாமல் செய்யுளை ஒப்பித்தவனை எத்தனை தடவை பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன்! அதனால் தேடிப் பார்க்காமல் விட முடியவில்லை.

பாட்டின் பெயர் 'கண்டீசா'. டெல்லியில் 1990இல் தொடங்கிய 'இந்தியன் ஓஷன்' என்ற ராக் இசைக்குழு 2000இல் வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு. ராக் என்றால் காது கிழியும் என்றுதான் நினைத்திருந்தேன். இவர்கள் கிடாரோடும் டிரம்ஸோடும் தபலாவையும் சேர்த்துக்கொண்டவர்கள். தபலா வாசித்தபடியே சம்மணமிட்டுப் பாடியவர் அஷீம் சக்ரவர்த்தி. பேஸ் கிடார் வாசிக்கும் ராகுல் ராம் வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பியவர், நர்மதை அணைக்கு எதிரான போராட்டத்தில் இருந்தவர். அதே ஆல்பத்தில் நர்மதை ஆற்றைப் பற்றியும் ஒரு பாட்டு உண்டு. கரோல்பாக்கில் ஒரு பழைய வீட்டில்தான் பயிற்சி செய்துவந்தார்கள். அந்த வீட்டு முகவரியையே 2010இல் ஓர் ஆல்பத்துக்குப் பெயராக வைத்து, பாட்டுகளை இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். அஷீம் அதற்கு முன்பே, 2009 டிசம்பர் 25 அன்று, காலமாகிவிட்டார். பேரன் பிறக்கவே இல்லை அப்போது.

மொழி அராமிக். இயேசுநாதர் பேசிய மொழி. கேரளத்தில் சிரியன் கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் காலங்காலமாகக் காத்துவந்த துதி அது. 'கண்டீசா' என்றால் புனிதம் என்று பொருள். அதற்கு மேல் ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. அவனுக்கும் புரியாது. அந்தப் பாட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பு.

நானும் முனகிப் பழகினேன். எனக்கு எப்போதும் அவசரம். அடுத்த அடி வருவதற்குள் ஆரம்பித்துவிடுவேன். ஒருநாள் அவன் நடப்பதை நிறுத்தி, என்னிடம் வந்து, உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினான். கிடார் ஒரு சுற்று முடியும்வரை எடுக்கவில்லை. பிறகு கையை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். இப்போது பாடு என்று அர்த்தம். அவனாக என்னிடம் வந்து ஒன்று சொன்னது அதுதான் முதல் தடவை. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இப்போது மருமகன் மதுரைக்கே வேலை மாற்றி வந்துவிட்டார். பேரனுக்கு இன்னும் பேச்சு இல்லை. படம் காட்டிக் கேட்கிறான், எழுத்துக் கூட்டி டைப் அடிக்கிறான்.

வைகாசியில் குலசாமி கோயிலில் என் சின்னவன் பிள்ளைக்குக் காதுகுத்து. எல்லோரும் வருவீர்கள். பேரனும் வருவான். "தாத்தா பேரச் சொல்லு பாப்போம்" என்று தயவுசெய்து அவனைக் கேட்க வேண்டாம். கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்ச வேண்டாம். மகளிடம் எந்தச் சாமிக்கு நேர்ந்தால் பேச்சு வரும் என்று ஆரம்பிக்க வேண்டாம், அவள் நிறையக் கேட்டுவிட்டாள். ரேடியோ செட்டுக்காரரிடம் பந்தலுக்குள் குழாய் கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன். கறிச்சோறு பரிமாறுவதற்கு முன்னாலேயே அவனுக்கு ரசச்சோறு தனியாகக் கொடுத்துவிடுவோம்.

நானும் அவனும் கோயிலுக்குக் கிழக்கே புளியமரத்தடியில் இருப்போம். வந்து பக்கத்தில் சும்மா உட்காருங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அவசரப்பட்டுக் கூடச் சேர்ந்து பாடிவிடாதீர்கள். வாயைப் பொத்திவிடுவான்.